அறுநூறு குதிரைக்குத் தண்ணி காட்டுவது யார்?

2001-இல் வந்த 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு கலர் டொயோட்டா சுப்ராவை மறக்க முடியாது. பால் வாக்கர் ஓட்டுவாரே, அதேதான். படத்தில் பயன்பட்ட சுப்ராக்களில் ஒன்று 2021-இல் அமெரிக்காவில் ஐந்தரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் படத்தில் நைட்ரஸ் பாட்டிலைக் காட்டினார்கள், கியர் லீவரைக் காட்டினார்கள், என்ஜினுக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோவது மாதிரி கிராஃபிக்ஸ் எல்லாம் செய்தார்கள். ஒரு சின்ன சாமானை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பெட்ரோல் டேங்குக்குள் முங்கிக் கிடக்கும். கிட்டத்தட்ட ரெண்டு செல் டார்ச் லைட் சைஸ். பெயர் ஃபியூவல் பம்ப்.

சுப்ராவைப் பற்றி நாலு வரி. இங்கே பேசுவது நான்காம் தலைமுறை சுப்ரா. ஜப்பானில் 1993 முதல் 2002 வரை தயாரானது, அமெரிக்காவில் 1998-லேயே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ. என்ஜினின் பெயர் 2ஜேஇசட்-ஜிடிஈ. அமெரிக்க மாடலுக்கு 320 குதிரை சக்தி. ஜப்பானில் மட்டும் 280 என்று பேப்பரில் எழுதினார்கள். ஏனென்றால் ஜப்பானிய கம்பெனிகள் எல்லாம் அதற்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் ஒரு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் வைத்திருந்தன, 2004 வரை. உள்ளதைக் குறைத்துக் காட்டுகிற வித்தை வருமான வரிக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது :-)

இந்த என்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு. டொயோட்டா தேவைக்கு மேல் பலமாகவே செய்து வைத்தது. கம்பெனி கொடுத்த பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் மாற்றாமலேயே 600 குதிரை சக்தி வரை தாங்கும் என்று தெரிந்ததும் டெக்சாஸ், ஃப்ளோரிடா பக்கத்துப் பையன்கள் விடுவார்களா?

அப்படி ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்தைந்து. நாலைந்து வருஷம் சேர்த்த சம்பளத்தில் ஒரு பழைய சுப்ரா வாங்கிவிட்டான். அடுத்து 600 குதிரை. ரெண்டு சின்ன டர்போவைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ, முன்னால் பெரிய இன்டர்கூலர், மூன்று நாலு அங்குல எக்ஸாஸ்ட், கிளட்ச், கம்ப்யூட்டர் என்று லிஸ்ட் போகும். எல்லாமே பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரிகிற சாமான்கள். நண்பர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். பம்ப்பை மாற்றினால் யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். அதனால் அது லிஸ்ட்டின் கடைசிக்குப் போகும், பணமும் கடைசி வரிக்கு வருவதற்குள் தீர்ந்திருக்கும். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் பம்ப் சில்லறைக் காசு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை இதுதான்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது ரொம்ப சுலபம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'கீ ஃபேக்டர்' என்று ஒன்று வருமே. மெஷின் எத்தனை இருந்தாலும், ஆள் எத்தனை இருந்தாலும், மூலப்பொருள் நூறு கிலோதான் கிடைக்கும் என்றால் மொத்த பட்ஜெட்டையும் அந்த நூறு கிலோவை வைத்துத்தான் போட வேண்டும். டர்போ காரில் அந்தக் கீ ஃபேக்டர் பெரும்பாலும் டேங்குக்குள்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. ஃபேக்டரியில் மூலப்பொருள் தீர்ந்தால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். இங்கே மூலப்பொருள் குறைந்தால் மெஷினே உருகிவிடும்.

உருகும் என்பது அலங்காரத்துக்குச் சொல்வதில்லை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இது கெமிஸ்ட்ரி கணக்கு. ஆனால் டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போது யாரும் 14.7-இல் ஓட்டுவதில்லை. 11.5 பக்கம் வைப்பார்கள், அதாவது வேண்டியதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல். அந்தக் கூடுதல் எரிவதற்காக இல்லை. அது ஆவியாகிச் சூட்டைக் குடிக்கும், கலவை தன்பாட்டுக்கு வெடிப்பதைத் தடுக்கும். சிலிண்டருக்குள் எரிகிற சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். நடுவில் நிற்கிற பாதுகாப்பில் பெரிய பங்கு அந்தக் கூடுதல் பெட்ரோலுடையது. 7,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் செகண்டுக்கு 58 தடவை வெடிக்கிறது. பெட்ரோல் குறைந்து 11.5 என்பது 13 ஆனால், ஓட்டுகிறவன் மீட்டரைப் பார்த்து, மூளைக்கு விஷயம் போய், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் ஐம்பது அறுபது வெடிப்பு முடிந்திருக்கும். ஒழுங்கில்லாமல் வெடித்தால் 'நாக்' என்கிற சத்தம் வரும். பெரிய எக்ஸாஸ்ட் போட்ட காரில் அந்தச் சத்தமும் காதில் விழாது. அப்புறம் பிஸ்டனின் ஓரம் தின்னப்பட்டிருக்கும், ரிங் உடைந்திருக்கும், பின்னால் நீலப் புகை. நாலு வருஷச் சம்பளம்!

சரி, 600 குதிரைக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? டர்போ என்ஜினுக்கு ஒரு குதிரை சக்திக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 0.6 பவுண்ட், அதாவது 272 கிராம் என்று கணக்கு வைப்பது வழக்கம். 600-ஆல் பெருக்கினால் 163 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு 0.745 கிலோ என்று எடுத்தால் மணிக்கு சுமார் 219 லிட்டர். (ஒரு மணி நேரம் முழுக்க அப்படி யாரும் ஓட்ட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பத்து செகண்டுக்கு அந்த வேகத்தில் பாய்ந்தே ஆக வேண்டும்.)

இந்த உலகத்தில் ரொம்ப காலமாகப் பேர்போனது வால்ப்ரோவின் 255 பம்ப். 255 என்றால் மணிக்கு 255 லிட்டர். தேவை 219, கையில் 255, மிச்சம் 36. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது என்று நம்ம பையன் சந்தோஷப்படுவான். பொறி வைத்திருக்கிற இடமே இதுதான்.

255 என்பது சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நல்ல வோல்டேஜில் எடுத்த கணக்கு. இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கிற இடத்தில் டர்போ காற்றைத் திணித்துக்கொண்டிருக்கிறது, அந்தக் காற்று இன்ஜெக்டரைத் திருப்பித் தள்ளும். அந்தத் திணிப்பு அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். (டம்ளரில் ஆற்றிக் குடிக்கிற பூஸ்ட் ஞாபகத்துக்கு வந்தால் யாரும் பொறுப்பில்லை.) அதனால் பூஸ்ட் ஏற ஏற, பெட்ரோல் லைனிலும் அதே அளவு அழுத்தத்தை ரெகுலேட்டர் ஏற்றிக்கொண்டே போகும். ஆரம்ப அழுத்தம் 43 பிஎஸ்ஐ, பூஸ்ட் 25 பிஎஸ்ஐ என்றால் லைனில் 68 இருக்க வேண்டும். பம்ப்போ அழுத்தம் கூடக்கூடக் குறைவாகத்தான் தள்ளும். கிணற்று மோட்டாரை மாடிக்கு ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கீழே குழாயைத் திறந்தால் கொட்டும், மூன்றாவது மாடி டேங்குக்கு நூல் மாதிரி வரும். 68 பிஎஸ்ஐயில் அந்த 36 லிட்டர் மிச்சம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

டிமாண்ட் சப்ளை படம் போட்டுப் பார்த்தால் விளங்கும். கீழே படுக்கைக் கோட்டில் பூஸ்ட். டிமாண்ட் இடமிருந்து வலமாக ஏறுகிறது, சப்ளை இறங்குகிறது. வெட்டிக்கொள்கிற புள்ளிக்கு இடப்பக்கம் வரை சௌக்கியம். எகனாமிக்ஸ் புத்தகத்தில் அந்தப் புள்ளியைத் தாண்டினால் விலை ஏறி எல்லாம் சரியாகிவிடும். இங்கே சரிப்படுத்த யாரும் வர மாட்டார்கள். இன்னொரு கொடுமை, அந்தப் புள்ளி வருவதே கார் உச்சக்கட்ட வேகத்தில் பறக்கும்போதுதான். டவுனுக்குள் ஓட்டும்போது, சிக்னலில் நிற்கும்போது, ஐடிலில் உறுமவிட்டுக் காட்டும்போது பம்ப் போதாது என்பதற்கு ஒரு அடையாளமும் தெரியாது. மாசக்கணக்கில் நன்றாகத்தான் ஓடும்.

டொயோட்டாக்காரர்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் இல்லை. சுப்ராவின் ஒரிஜினல் டென்சோ பம்ப் அந்தக் காலத்தில் தரமான சாமான். அதைக் கழற்றிக்கொண்டுபோய் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 போன்ற வேறு கம்பெனி கார்களில் அப்கிரேடாகப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பம்ப்புக்கென்று தனியாக ஒரு கன்ட்ரோல் பெட்டி இருக்கும். ஐடிலில் நிற்கும்போது வோல்டேஜைக் குறைத்து மெதுவாகச் சுற்றவிடும், முழு சக்தி கேட்டால் முழு வோல்டேஜ் கொடுக்கும். சத்தம் குறைவு, பெட்ரோல் சூடாவது குறைவு, பம்ப்புக்கும் ஆயுசு. இந்தப் பெட்டியைத் தாண்டி எப்போதும் முழு வோல்டேஜ் கொடுக்கிற '12 வோல்ட் மாட்' சுப்ராக்காரர்கள் நடுவே பிரபலம். பழைய பம்ப்பிலிருந்து கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கிற வேலை. மிதமான பூஸ்ட்டுக்கு அது போதும். 600-க்குப் போகிறவன் இருபது முப்பது வருஷப் பழைய மோட்டாரை நம்பி அதைச் செய்வது தைரியம் என்று சொல்ல முடியாது, கஞ்சத்தனம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

புது பம்ப் வாங்கியாகிவிட்டது. அடுத்த ஆள் கரண்ட். பம்ப் என்பது ஒரு டிசி மோட்டார், அவ்வளவுதான். ஆல்டர்னேட்டர் பக்கத்தில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட் காட்டும். அங்கிருந்து ஃபியூஸ், ரிலே, ஆறேழு கனெக்டர், பதினைந்து அடி மெல்லிசு வயர் எல்லாம் தாண்டி டேங்கு வரும்போது 12 கூட இருக்காது. கம்பெனி அந்த வயரைத் தன்னுடைய சின்ன பம்ப்புக்காகப் போட்டது. பெரிய பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஆம்பியர் கூடினால் வயரில் வோல்ட் இன்னும் விழும், வோல்ட் விழுந்தால் பெட்ரோல் குறையும். பெரிய பம்ப் போட்டும் கார் முன்னேறவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் வியாதி இதுதான். மருந்து, பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், டேங்கு பக்கத்தில் ஒரு ரிலே, நல்ல எர்த். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் எங்கேயாவது வயர் உரசிப் பாடியில் பட்டால் எரிவது ஃபியூஸாக இருக்கட்டும், காராக வேண்டாம்.

இதில் பலர் செய்கிற ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ரிலேவை நேராக இக்னிஷன் சாவியோடு இணைத்துவிடுவார்கள். சாவி ஆன் என்றால் பம்ப் ஆன். கார் எங்கேயாவது மோதி என்ஜின் நின்றுவிட்டால்? சாவி ஆனிலேயே இருக்கும். உடைந்த குழாய் வழியாகச் சூடான எக்ஸாஸ்ட் மேல் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். கம்பெனி வயரிங்கில் என்ஜின் நின்றால் கம்ப்யூட்டர் பம்ப்பை நிறுத்திவிடும். புது ரிலேவுக்கு உத்தரவு அந்தக் கம்ப்யூட்டரிடமிருந்தே வரவேண்டும். பத்து நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டு இதை விடுகிறவர்களை என்ன சொல்ல.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய பம்ப்பை வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. ஐடிலில் என்ஜின் குடிப்பது கொஞ்சூண்டு. மிச்சம் அத்தனையும் ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்ன் லைனில் டேங்குக்குத் திரும்பணும். கம்பெனி ரெகுலேட்டரின் ஓட்டையும் ரிட்டர்ன் குழாயும் சின்னது. அத்தனை பெட்ரோலைத் திருப்பியனுப்ப முடியாமல் அழுத்தம் ஏறும், ஐடிலில் பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, பிளக்கில் கரி. அதனால் பெரிய ரெகுலேட்டர், சில சமயம் பெரிய ரிட்டர்ன் குழாய். பெட்ரோல் சூடான என்ஜின் பக்கம் போய்ப்போய்த் திரும்புவதால் டேங்கே சூடாகும். ஒன்றைத் தொட்டால் மூன்று வரும், வீட்டில் பழைய ஸ்விட்ச் மாற்றப் போன கதை மாதிரி.

டேங்குக்குள் ஒரு ரெண்டு அங்குல ரப்பர் ஹோஸ் இருக்கும், பம்ப்பையும் மேல் குழாயையும் இணைக்கிறது. அற்ப சாமான். கடையில் கிடைக்கிற சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் பெட்ரோல் ஓடுவதற்காகச் செய்தது. வெளிப்பக்கமும் பெட்ரோலில் ஊறினால் உப்பி, இளகி, ஒருநாள் கிழியும். கிழிந்தால் பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி டேங்குக்கே ஊற்றிக்கொண்டிருக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. முங்கியே கிடப்பதற்கென்று ஆர்10 என்ற தரக்குறியீட்டோடு தனி ஹோஸ் விற்கிறது, சாதாரண ஹோஸைவிட விலை பலமடங்கு, அரை அடி வாங்கினால் போதும். அதே மாதிரி பம்ப்பிலும் டூப்ளிகேட் உண்டு. 255 பிரபலமானதும் அச்சு அசலாக லேபிள் ஒட்டிய போலிகள் இணையத்தில் குவிந்தன. பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

மாட்டுகிற வேலையே ரெண்டு மூன்று மணி நேரம்தான். ஆனால் வாய் திறந்த பெட்ரோல் டேங்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. டேங்கில் பெட்ரோல் கால் பாகத்துக்கும் கீழே இருக்கும்போது ஆரம்பிப்பது நல்லது. முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓடவிட்டால் லைனில் இருக்கிற அழுத்தம் தீர்ந்து தானே நிற்கும். அப்புறம் பேட்டரியைக் கழற்ற வேண்டும். வெட்டவெளியில் செய்வது உத்தமம். அமெரிக்க வீடுகளில் கராஜுக்குள்ளேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் வைத்திருப்பார்கள், பல மாடல்களில் சின்னதாக ஒரு பைலட் சுடர் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து அந்தச் சுடரைத் தேடிப்போகும். தீயணைப்பான் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாக வேண்டும்.

பெட்ரோலை விட்டு ஈ85-க்குப் போகிறவர்கள் கதை தனி. எத்தனாலுக்கு நாக் வராத குணம் அதிகம், அதனால் கூடுதல் பூஸ்ட் ஏற்றலாம். ஆனால் அதே சக்திக்கு லிட்டர் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் ஊற்ற வேண்டும். 219 என்பது 290-ஐத் தாண்டும். அப்போது ஒற்றை 255 கதைக்கு உதவாது. எத்தனாலைத் தாங்குகிற 450 லிட்டர் வகை, இல்லாவிட்டால் ரெட்டை பம்ப். ரெட்டை பம்ப்பில் ரெண்டாவதைப் பூஸ்ட் வந்ததும் முழித்துக்கொள்கிற மாதிரி ஒரு பிரஷர் ஸ்விட்ச்சில் இணைப்பார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஸ்விட்ச் ஒருநாள் வேலைசெய்யாமல் போனால், ரெண்டாவது பம்ப் தூங்குகிற விஷயம் பூஸ்ட் வருகிற வரை யாருக்கும் தெரியாது. தேவைப்படுகிற நிமிஷத்தில்தான் லீவு போடும். ஒரே பெரிய பம்ப்பை நல்ல வயரோடு போடுவது இதைவிட மேல். செத்தால் ஸ்டார்ட் ஆகாது, யாருக்கும் சேதமில்லை.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. நம்ம பையன் நேராக டிராக்குக்குப் போய் 25 பிஎஸ்ஐ வைக்கக் கூடாது. பெட்ரோல் லைனில் ஒரு பிரஷர் சென்சார் மாட்டி, லேப்டாப்பில் ரெண்டு கோடுகளைப் பதிவு செய்ய வேண்டும், பூஸ்ட் ஒன்று, பெட்ரோல் அழுத்தம் ஒன்று. அவற்றின் வித்தியாசம் 43 என்றால் கடைசி வரை 43-ஆகவே நிற்க வேண்டும். முதலில் 10 பிஎஸ்ஐ, லைனில் 53 வருகிறதா? அப்புறம் 15-க்கு 58. அப்புறம் 20-க்கு 63. மேலே போகப் போக, 6,000 ஆர்பிஎம் தாண்டியதும், பூஸ்ட் 20-லேயே நிற்க, பெட்ரோல் அழுத்தம் மட்டும் 63, 61, 58 என்று சரிய ஆரம்பித்தால் டிமாண்டும் சப்ளையும் வெட்டிக்கொள்கிற அந்தப் புள்ளி வந்துவிட்டது என்று அர்த்தம். காலை எடுத்துவிட வேண்டும். பக்கத்து லேனில் எந்த கார் முந்திக்கொண்டு போனாலும் சரி. பூஸ்ட்டைக் குறைத்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய், பம்ப்பின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.